நூற்று முப்பதாவது மாடி

பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், என் வின்ச் நலம், இடது தோள்பட்டை மட்டும் அவ்வளவு நலமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் மனைவிக்கு முட்டிவலி விட்டதா? போனில் நாம் "சாப்டியா, சாப்டேன், வைக்கட்டுமா" என்பதைத் தாண்ட மாட்டோம் என்பதால் பேனாவை எடுத்தேன்.

கிளைடர் கிளப்புக்கு ஓலை வந்துவிட்டது. மைதானத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நகரசபை கறாராகச் சொல்லிவிட்டது. டிசம்பர் முடிவதற்குள் இருபத்தைந்து வயதுக்குக் கீழே பத்து உறுப்பினர்களாவது சேர வேண்டும். அவர்களில் ஒருவராவது கிளைடரைத் தனியாக ஓட்டிப் பத்திரமாக இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் புல்வெளியில் கிடங்கு கட்டப்போகிறார்கள். அந்த வயதில் இப்போது எங்களிடம் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம். "சின்னவன்" என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் ஆளுக்கே ஐம்பத்தெட்டு. நான் பல்செட் செய்கிறவள். கிளப்பில் பாதிப் பேர் சிரித்தால் என் கைவேலைதான் தெரிகிறது.

போன ஞாயிறு இளைஞர்களுக்காக ஒரு கூட்டம் போட்டோம். தலைவர் கிளப்பின் வரலாற்றை ஒன்றரை மணி நேரம் பேசினார். வந்தது மூன்று பேர். அதில் ஒருவன் அறை மாறி வந்தவன். பாவம், எழுந்து போக வெட்கப்பட்டுக் கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வின்ச் இயந்திரத்தில் உட்கார்ந்து, எண்ணூறு மீட்டர் கம்பிக்கயிற்றை விறுவிறுவென்று சுருட்டி, மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் கிளைடரைக் காற்றில் ஏற்றிவிடுகிறேன். கயிற்றை விட்டதும் அது சத்தமே இல்லாமல் திரும்பும் பார், அதைப் பார்க்கத்தான் வாரம் முழுக்க அடுத்தவர் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நீ கல்லூரி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று நாள் முழுக்க லிப்ட் பரிசோதிக்கப் போகிறவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளை எங்கே பிடிப்பது, சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகு அப்படியே இருக்கிறது, முட்டி தேவலாம். தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எஞ்சின் இல்லாத வண்டியில் ஏற ஆள் வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறாயே, உன்னை என்னவென்று சொல்வது! நானாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். இருந்தாலும் கேட்டுவிட்டாய். லிப்டுக்குள் நிற்கிறவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். கதவு மூடியதும் யாருக்கும் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது. லிப்ட் சுவரில் எதை ஒட்டினாலும் படிப்பார்கள், தீயணைப்பு விதிகளைக்கூட. கண் மட்டத்தில், கதவுக்கு வலப்புறம் ஒட்டு. இப்படி எழுது: "இந்த லிப்ட் எட்டாவது மாடியோடு நின்றுவிடும். நாங்கள் நூற்று முப்பதாவது மாடிவரை கூட்டிப்போகிறோம். எஞ்சின் கிடையாது. சனிக்கிழமை வாருங்கள்." தலைவரின் வரலாற்றை மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதே.

இன்னொன்று. என் பெண்ணை உன் ஊர்க் கல்லூரியில் சேர்த்தபோது சொன்னது நினைவிருக்கும். சனி ஞாயிறு விடுதியிலிருந்து உன் வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். மைதானத்துப் பக்கம் மட்டும் கூட்டிப்போகாதே. ஒரே பெண், அதுவும் பதினேழு வயது. என் வேலையே எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது. இந்த விஷயத்தில் என்னிடம் வேடிக்கை வேண்டாம்.

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன், வலி போன இடம் தெரியவில்லை.

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்! ஊரில் ஒன்பது லிப்டுகளில் ஒட்டினோம். கல்லூரி, நூலகம், இரண்டு விடுதிகள், ஒன்றையும் விடவில்லை. முதல் சனிக்கிழமை காலையில் பதினோரு பேர் வந்து நின்றார்கள். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வரலாற்றை எடுக்கப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

ஆனால் அடுத்த வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு பெண். அவளை நாங்கள் ஈயக்கட்டி என்று கூப்பிடுகிறோம். ஆள் அவ்வளவு லேசு. ஓட்டுகிறவர் எடை குறைந்தால் கிளைடரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அதனால் அவள் ஏறும்போதெல்லாம் முன் இருக்கையில் ஒன்பது கிலோ ஈயம் வைத்துத் திருகுகிறோம். நேரக் குறிப்பு எழுத அவளை உட்கார வைத்திருந்தோம். மாலையில் நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனாள். "சார், இவங்க காலைல எட்டு மணிக்கு வந்தாங்க. றெக்கை தொடைச்சாங்க, வண்டி தள்ளினாங்க, கயிறு இழுத்தாங்க. நாலரை மணிக்கு ஆறு நிமிஷம் மேல போனாங்க. பல்லு புடுங்கக்கூட நான் இவ்ளோ நேரம் காத்திருக்க மாட்டேன் சார்."

தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம் என்றார். "அதான் சார் நீங்க மட்டுமே இருக்கீங்க" என்றாள். நான் வின்ச்சுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது விதியை மாற்றிவிட்டோம். புதிதாக வருகிறவர்கள் பத்து மணிக்குள் மேலே போய்விட வேண்டும், வேலையெல்லாம் அதற்குப் பிறகு. பறந்துவிட்டு வந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளுகிறார்கள், தம்பி!

அவளிடம் இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கொக்கியாக, "பாத்தாச்சு, தொட்டாச்சு, இழுத்தாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சரிபார்ப்பாள். எங்கள் பேக்கரிக்காரர் (பகலில் ரொட்டி சுடுவார், வார இறுதியில் பறக்கச் சொல்லித்தருவார்) இப்படியொரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்கிறார்.

என் மருமகள் சுகம். நன்றாகப் படிக்கிறாள். ஞாயிறு பன்னிரண்டு மணிவரை தூங்குகிறாள்.

உன் அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். எல்லோரும் நலம்.

சில கேள்விகள். உன் வின்ச் கயிறு எத்தனை இழை? அறுந்த இழைகளை யார் எண்ணுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை? எத்தனை அறுந்தால் கயிற்றை மாற்றுவீர்கள்? கிளைடர் பக்கம் கயிற்றில் வேண்டுமென்றே பலவீனமான ஒரு துண்டு வைப்பார்கள், இழுவை அதிகமானால் அது முதலில் அறுந்து வண்டியைக் காப்பாற்றும் என்று படித்தேன். அது சரியான அளவா? யார் வாங்கியது?

கயிற்றின் பருமன் அளக்கும் என் பழைய கருவியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மீட்டருக்கு ஓர் இடத்தில் அளக்க வேண்டும். "ரெண்டு எடத்துல பாத்தோம், சரியாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அந்த ஈயக்கட்டி சரியாகச் சாப்பிடுகிறாளா? ஒன்பது கிலோ என்பது அதிகம்.

தம்பி

மே 14

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ என்ன இப்படித் தந்தி மாதிரி எழுதியிருக்கிறாய்? முதுகு சரியில்லையா?

கருவி வந்தது. எண்ணூறு மீட்டரையும் புல்லில் விரித்தோம். கிளப்பின் மூத்தவர்கள் "போன வருஷம்தான பாத்தோம்" என்று முனகினார்கள். பிள்ளைகள் ஒன்பது பேர் வரிசையாக மண்டியிட்டு அளந்தார்கள். ஆமாம், ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்! அறுநூற்று நாற்பதாவது மீட்டரில் கயிறு இளைத்திருந்தது. அந்த இடத்தை வெட்டி இணைத்துவிட்டோம். வெட்டிய துண்டைத் தலைவர் மேஜையில் வைத்தேன். உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்காக இவ்வளவு அக்கறைப்படுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

ஈயக்கட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். போன சனிக்கிழமை எல்லோரும் ஏறி ஏறி ஆறு நிமிஷத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே தூக்கும் வெப்பக்காற்று யாருக்கும் அகப்படவில்லை. இவள் ஒரு பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிடுவதைப் பார்த்து, அதற்குக் கீழே போய் அதே வட்டத்தைப் போட்டிருக்கிறாள். நாற்பது நிமிஷம்! பின்னால் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் இறங்கி வந்து, "நான் வாயையும் தெறக்கல, கையையும் வைக்கல. சும்மா சவாரி போய்ட்டு வந்தேன்" என்றார். அவள் கன்னம் இரண்டும் வெயிலில் சிவந்திருந்தன. எனக்குக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும்போல் இருந்தது. கொஞ்சினேன்.

மருமகள் சுகம்.

உன் அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகுக்கு ஒன்றுமில்லை.

கயிற்றை வெட்டியது நல்ல காரியம். இணைத்த இடத்தை வாரா வாரம் பார்.

உன் மருமகள் ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தவறாமல் போன் செய்கிறாள். போன வாரம் திடீரென்று, "அப்பா, மேகத்துக்கு அடிப்பக்கம் ஏன் தட்டையா இருக்கு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பத்து நிமிஷம் விளக்கினாள். அவள் அம்மா வீடியோவில் பார்த்து முகம் கறுத்திருக்கிறதே என்று கேட்டதற்கு, நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறாளாம். "தெரை போடச் சொல்லும்மா" என்றேன். சரி என்றாள். நல்ல பெண்.

பருந்து வட்டமிடும்போது கிளைடர் பக்கத்தில் போனால் மோதிக்கொள்ளாதா? நேரமிருந்தால் எழுது.

தம்பி

ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூட இன்று வெட்கமாக இருக்கிறது. பருந்துகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், மோதாது. மூன்று மாதமாக உனக்கு எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஈயக்கட்டி உன் பெண்தான்.

நான் கூட்டிப்போகவில்லை. அவள் விடுதி லிப்டில் நீ சொன்ன அதே இடத்தில், கண் மட்டத்தில் போஸ்டர் ஒட்டியவள் நான். முதல் சனிக்கிழமை வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாள். வீட்டுக்குப் போ என்று அதட்டினேன். "அத்தை, கூப்பிட்டது நீங்க. இப்ப போன்னா எப்படி?" என்றாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்" என்றேன். "உங்கள ஒண்ணும் பண்ண மாட்டார். என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். அதனால சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை, தம்பி. நான் இளகிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய பொய்யெல்லாம் என்னுடையது.

இப்போது பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வருஷம் முடிவதற்குள் தனியாகப் பறக்கும் நிலையில் இருப்பவள் அவள் ஒருத்திதான். பேக்கரிக்காரர் தயார் என்று சொல்லிவிட்டார். பதினெட்டு முடியாததால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவளுக்குப் பதினெட்டு ஆவது ஜனவரியில், அதற்குள் மைதானம் போய்விடும். உள்ளூரில் அவளுக்குப் பொறுப்பு நான்தான் என்று நானே போட்டுவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. படிவத்தை இதில் வைத்திருக்கிறேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் மைதானம் போனாலும் போகட்டும், அவள் ஓட்டுவதை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லு.

அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய படிவம் தேவைப்படவில்லை. உன் கிளப் ஆபீசுக்கு எழுதி ஏப்ரலிலேயே ஒன்று வரவழைத்தேன். கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்கு மாதமாக மேஜை இழுப்பறையில் கிடந்தது. எடுப்பேன், வைப்பேன். இன்று காலையில்தான் போட முடிந்தது.

மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். "பாத்தாச்சு, தொட்டாச்சு, இழுத்தாச்சு" என்பது லிப்ட் பரிசோதிக்கும்போது நான் சொல்வது. நாலு வயதில் அவளைக் கூடவே நிற்க வைத்து வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை அப்படித்தான் பூட்டக் கற்றுக்கொடுத்தேன். உலகத்தில் அதை இரண்டே பேர்தான் சொல்வோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அன்றே ரயில் ஏறி அவளை இழுத்துக்கொண்டு வர டிக்கெட் எடுத்தேன். லிப்டில் ஒட்டச் சொன்னவனும் நான்தானே, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு அந்த நோட்டுக் கதையை இன்னொரு தடவை படித்தேன். தலைவர் முகத்துக்கு நேரே ஒரு பெண் அப்படிப் பேசியிருக்கிறாள். என் வீட்டில் அவள் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. சைக்கிள் கேட்டாள், வேண்டாம் என்றேன். நீச்சல் கேட்டாள், வேண்டாம் என்றேன். அப்புறம் எதுவும் கேட்பதில்லை. பெண் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

பயம் போகவில்லை. சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உன் கடிதங்களைத் தபால்காரர் கையிலிருந்தே பிடுங்கிப் படிக்கிறேன். என் பெண்ணைப் பற்றி இவ்வளவு நல்ல சேதி எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதே. கையெழுத்து நீ போட்டதாகவே இருக்கட்டும். அவளே எனக்குச் சொல்ல வேண்டும். என்னிடம் மறைக்கும்படி அவளை வைத்தவன் நான். அவள் வாயால் சொன்னால்தான் என்னைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டாள் என்று நான் நம்புவேன்.

உன் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

தம்பி

செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதது தனிக்கதை, அதை விடு. நேற்று உன் பெண் தனியாகப் பறந்தாள்! இருபத்து மூன்று நிமிஷம். பூப்போல இறங்கினாள். நன்றாக இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

காலையிலேயே கயிற்றை முழுக்க அளந்தேன், நீ சொன்னபடி மீட்டருக்கு ஓர் இடம். பேக்கரிக்காரர் கூடவே இரண்டு தடவை போய்விட்டு வந்து, பின் இருக்கையிலிருந்து சாவகாசமாக இறங்கி, பெல்ட்டை மடித்துக் கட்டிவிட்டு, "நான் போய் டீ குடிக்கறேன், நீ போய்ட்டு வா" என்றாராம். வேறு அறிவுரை ஒன்றும் கிடையாது. வின்ச்சிலிருந்து பார்த்தால் அவள் எண்ணூறு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு. வாக்கிடாக்கியில் குரல் வந்தது, "அத்தை, நான் ரெடி." இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை அந்த நெம்புகோலைத் தள்ளியிருக்கிறேன். நேற்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். வண்டி புல்லைவிட்டு எழுந்து, செங்குத்தாக ஏறி, உச்சியில் கயிற்றை விட்டது. பிறகு சத்தமே இல்லை.

மற்ற பதினோரு பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். யாரும் போனைக்கூட எடுக்கவில்லை. அவள் இறங்கியதும் எல்லோரும் ஓடினார்கள், தலைவரும் ஓடினார், எழுபத்து நாலு வயது, மூச்சு வாங்க ஓடிப் போய் அவளுக்கு வணக்கம் வைத்தார். நகரசபை ஆள் வந்திருந்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டு, குத்தகை நீடிக்கும், தாளை டிசம்பரில் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "எம் பையனுக்கு பதினஞ்சு ஆகுது, சேத்துக்குவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது, "அப்பாகிட்ட சொல்லேண்டி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சொல்றேன் அத்தை" என்றாள். உனக்குக் கொடுத்த வாக்குக்காக நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். இருபத்து மூன்று நிமிஷம் என்ற வரியை உன் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஐந்து ஞாயிறுகள் போய்விட்டன. போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். நீ சாப்பிட்டாயா என்கிறேன். அப்புறம் வைக்கட்டுமா என்கிறாள். போன ஞாயிறு "அப்பா" என்று தொடங்கினாள். நான் காத்திருந்தேன். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நீ எதுவும் சொல்லிவிடாதே. காத்திருக்கிறேன்.

தம்பி

நவம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடித்த பிறகும். முதலில் உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டீர்களா?

மார்ச் மாதத்திலிருந்து நான் நூலகத்தில் இல்லை. அத்தையின் மைதானத்தில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். செப்டம்பர் பதினான்காம் தேதி தனியாக ஓட்டினேன். அதற்குப் பிறகு ஒன்பது தடவை தனியாகப் போய்விட்டேன். கை, கால், பல் எல்லாம் முழுசாக இருக்கின்றன, பல் அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

அத்தையைத் திட்டாதீர்கள். நான்தான் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். கையெழுத்தும் அவர்கள் போட்டதுதான், அதுவும் என்னால்தான். ஊருக்கு வரச் சொன்னால் வருகிறேன். ஆனால் ஒரு தடவை வந்து பாருங்கள் அப்பா. இங்கே என்னைவிடச் சின்னவர்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கயிறு அளக்க நான்தான் சொல்லித்தருகிறேன். கருவி யாருடையது என்று கேட்டார்கள். அப்பாவுடையது என்று சொன்னேன். அத்தை அதை எதற்கோ உங்களிடம் கேட்டு வாங்கினார்களாம்.

தனியாகப் போன அன்று பின் இருக்கை காலியாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் ரயில் பாதை நம் ஊர்ப் பக்கம் போவது தெரிகிறது. அது கண்ணுக்கு மறையும் இடம்வரை பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு பயப்படுவீர்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

எனக்கு மேலே போகப் பயமாக இல்லை அப்பா. இதை உங்களுக்கு எழுதத்தான் ஏழு வாரம் ஆகிவிட்டது.

உங்கள் மகள்